சுத்தமான நாக்கு

எலும்பு பெறுக்கிய அன்று எங்கள் வீட்டுத் தோட்டத்து விளையில் நின்றவர்கள்:

என் வீட்டுக்காரர்.

அவருடைய தம்பி செல்லப்பன். தென்னை ஏறுகிறவன்.

செல்லப்பனின் பெண்டாட்டி ஓமனா, இடுப்பில் பிள்ளையோடு.

கர்மம் செய்துவைக்க வந்த கிழவர்.

பக்கத்து விளை ஆசாரி.

நான்.

பிறகு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சார்.

செத்தது என் மாமியார். எரித்து ஐந்தாம் நாள். கிழவர் இளநீர் தெளித்துச் சாம்பலை ஆற்றினார். அவர் பாளைத் துண்டால் கிளறிக் கொடுக்க, அண்ணனும் தம்பியும் பெறுக்கி மண்சட்டியில் போட்டார்கள். எல்லாருடைய கண்ணும் சட்டியில் இருந்தது. என் கண் சாரின் மேல் இருந்தது. நான் வேலைக்கு நிற்கிற இடத்து ஆள் வந்திருக்கிறாரே, உட்கார ஒன்றும் போடவில்லையே என்று. அதனால்தான் பார்த்தேன்.

அவர் குனிந்தார். காலடியில் கிடந்த ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். நகம் அளவு இருக்கும். ஊதினார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நான் வேலியோரம் நின்றதால் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. நாக்கை நீட்டி அதில் அந்தத் துண்டை வைத்தார். கையை எடுத்தார். துண்டு விழவில்லை. நாக்கைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். அப்போதும் விழவில்லை. பிறகு பிய்த்து எடுத்துச் சட்டியில் போட்டார். என் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்.

எங்கள் வீட்டில் சார் தண்ணீர் குடிக்கவில்லை. தீட்டு வீடாக்கும். போகிற வழியில் குளத்தில் இறங்கி மூன்று முங்கு முங்கினார் என்று ஆசாரி வந்து சொன்னார். எத்தனை சுத்தமான மனுஷன் என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனபோது சார் என்னைக் கூப்பிட்டு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

"உனக்க மாமியாருக்க எலும்பு கொள்ளாம் பிள்ளே. நல்ல பிடுத்தம். எனக்க கட்டிக்கு அந்தப் பிடுத்தம் வரணும்."

இதை எழுதும்போதும் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. துப்பிவிட்டு எழுதுகிறேன்.

சாருக்குப் பெயர் உண்டு. எழுதவில்லை. அவர் இப்போது இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பு ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தவர். தொண்ணூறுகளில், நான் வேலைக்குப் போன காலத்தில், பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் விளைக்குள் ஓட்டுக் கொட்டகை போட்டு இருந்தார். முதுகெலும்பு ஒடிந்தவர்களுக்கு இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டியெடுத்து முதுகில் வைத்து இணைப்பார்களாம். ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண். அந்த இடுப்புப் புண் வேண்டாம், எலும்பையே நான் சூளையில் சுட்டுத் தருகிறேன் என்பது சாருடைய பிடிவாதம். பிடிவாதத்தில் தப்பில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளை மாவு ஒன்று வைத்திருந்தார். எலும்பில் இருக்கிற சத்துதான், எலும்பில்லாமல் செய்தது என்பார். அதில் அந்துருண்டையைப் பொடித்துக் கலப்பார். அச்சில் இட்டுக் கட்டியாக அமுக்கிக் கரண்ட் சூளையில் வைத்தால் அந்துருண்டை ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். அந்தத் துளைக்குள் உடம்பின் எலும்பு வேர் விட்டுப் பிடிக்கும். அந்தக் கொட்டகைக்குள் எதை மோந்தாலும் பெட்டிக்குள் வைத்த பழந்துணி மணம். என் சோற்றிலும் அந்த மணம்.

துளை கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் நாக்கு. துளை இருந்தால் ஈரத்தை இழுக்கும், நாக்கில் ஒட்டும். துளை அடைந்து போயிருந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். சூளையைத் திறந்ததும் சார் ஒவ்வொரு கட்டியையும் நாக்கில் வைப்பார். ஒட்டினால் இடப்பக்கத் தட்டு. ஒட்டாவிட்டால் குப்பை. மெஷின் வைத்துப் பார்க்கலாமே என்று, அவரோடு சேர்ந்திருந்த எலும்பு டாக்டர் கேட்டதற்கு, மெஷினுக்குத் தப்பும், எனக்குத் தப்பாது என்றார்.

கட்டியோடு நின்றிருந்தால் போகட்டும். அவருக்கு நாக்கு எங்கும் போகும். சாயாக்கடையில் கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்து, வேகாத மண் என்று கடைக்காரனிடம் சொல்லுவார். கடைக்காரன் அந்தக் கோப்பையைக் கழுவாமல் அடுத்தவனுக்கு ஊற்றுவான். புது வீடு பார்க்கப் போனால் செங்கல். ஒருமுறை அவருடைய சொந்தப் பல் ஒன்று விழுந்தது. அதைக் கழுவி, காய வைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று வருத்தப்பட்டார்.

இத்தனைக்கும் ஊரில் அவரைப்போல் சுத்தக்காரர் கிடையாது. இரண்டு நேரம் குளி. உமிக்கரியால் பல் தேய்த்துவிட்டு மாவிலையால் மறுபடி தேய்ப்பார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, கள் இல்லை. நான் கொண்டுபோகும் சோற்றுப் பாத்திரத்தைக் கொட்டகைக்குள் வைக்கவிட மாட்டார். மழையிலும் அது வெளியே, எருக்குழி வரம்பில் இருக்கும். மீன் உண்டே.

எனக்கு வேலை புல் அறுப்பது, ஆடு நோக்குவது, சாமான் கழுவுவது, டப்பா சுமப்பது. ஆடு எதற்கென்றால், கட்டியை முதலில் ஆட்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை டாக்டர் ஜீப்பில் வருவார். மூன்று ஆடு. மயக்கி, முதுகு ரோமத்தை மழித்து, கீறி, முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டி, அந்தப் பக்கம் ஒரு கட்டி வைத்துத் தைப்பார். ஆக ஒரு டப்பாவுக்கு ஆறு கட்டி. டப்பாவைக் குக்கர் போன்ற ஒரு பெரிய பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்து, துணி சுற்றி, நான் கீறுகிற அறைக்குப் பக்கத்து அறைவரை சுமந்து வைப்பேன். அங்கிருந்து சார் எடுத்துப் போவார்.

மூன்று ஆட்டில் இரண்டு தேறும். ஒன்று பழுக்கும். மாதம் தவறாமல்.

பழுத்த ஆட்டின் பக்கத்தில் போய் நிற்க முடியாது. முதுகு வீங்கி மினுங்கும். தையல் விட்டு மஞ்சளாக ஒழுகும். ஈ விரட்டி விரட்டி என் கை ஓயும். சில நாளில் கட்டி தானாக வெளியே வந்து வைக்கோலில் கிடக்கும். சார் அதைப் பெறுக்கிக் குழாயில் காட்டுவார். காட்டிவிட்டு நாக்கில் வைப்பார். நான் அப்போதெல்லாம் வெளியே போய்விடுவேன். ஒட்டுதே, இதற்கு ஒரு கேடும் இல்லையே என்று அவர் தனக்குள் பேசிக்கொள்வது கேட்கும்.

கட்டிக்குக் கேடு இல்லை. அப்போது யாருக்குக் கேடு? எனக்கு.

டாக்டரின் முன்னால் வைத்து என் கையை நீட்டச் சொன்னார். விரல் விரலாக மோந்து பார்த்தார்.

"மீன் மணம். பாரும் டாக்டரே. இவளுக்க கைதான். ஆட்டுக்குப் பழுக்காம பின்னே என்ன செய்யும்?"

டாக்டர் வாட்ச்சைப் பார்த்தார். நல்ல கை உள்ளவர், நேரம் இல்லாதவர். கையை நன்றாகக் கழுவச் சொன்னார்.

கழுவினேன். சோடாக்காரமும் சோப்பும் போட்டு முழங்கைவரை. ஆட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. விரலிடுக்கில் தோல் உரிந்தது. உப்புக் கூட்டி உண்ண முடியவில்லை. வேண்டாம் இந்த வேலை என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் போகாவிட்டால் ஆட்டுக்கு வேறு ஆள் இல்லை. போனேன். ஒன்று பழுத்தது. மறுமாதம் போனேன். ஒன்று பழுத்தது.

ஒரு சனிக்கிழமை கயிறு எடுக்கப் பக்கத்து அறைக்குத் திரும்பினேன். சார் டப்பாவின் முன்னால் நின்றார். தலையில் தொப்பி, கையில் உறை, எல்லாம் உண்டு. வாய்த்துணியை மட்டும் தாடைக்கு இறக்கியிருந்தார். டப்பாவைத் திறந்தார். ஆவியில் வெந்து வந்த கட்டியில் ஒன்றை எடுத்தார். நாக்கில் வைத்தார். ஒட்டியது. தலையை ஆட்டினார். அதை மறுபடி டப்பாவுக்குள் வைத்து மூடினார். வாய்த்துணியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஆறில் ஒன்று. ஒன்றே ஒன்று. அது எந்த ஆட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு அன்றைக்கே பிடிபட்டது என்று சொன்னால் அது பொய். நான் படித்தது ஐந்தாம் கிளாஸ். கிருமி என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. அடுத்த மாதம் சாருக்குப் பனி பிடித்தது, நல்ல காய்ச்சல். வரவில்லை. டாக்டரே டப்பாவைத் திறந்தார். மூன்று ஆடு. மூன்றின் புண்ணும் காய்ந்தது. ஒரு துளி ஒழுகவில்லை. அப்போது பிடிபட்டது.

பனி மாறி வந்த சார் மூன்று முதுகையும் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார், பாத்தியா, நீ கையைக் கழுவினா இப்பிடித்தான் என்று.

நான் சொன்னேன், சார் நாக்கு வைக்கண்டாம் என்று. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. பாவம் அறியாத பெண் என்பதுபோல் பார்த்தார்.

"எனக்க நாக்கு சுத்தம் பிள்ளே. மீன் படாத நாக்கு. இதுல என்ன உண்டு பழுக்கதுக்கு?"

டாக்டரிடமும் சொன்னேன். ஜீப்பில் ஏறும்போது, சார் கட்டியில நாக்கு வைக்காரு என்றேன். டாக்டர் சிரித்தார். அது தனக்கும் தெரியும், சூளையிலிருந்து எடுத்ததும் பார்க்கிறதுதானே, பிறகு ஆவியில் வேகவைத்தால் ஒன்றும் நிற்காது என்றார். வேகவைத்த பிறகும் வைக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் குடையோடு வந்து நின்றார். டாக்டர் வண்டியை எடுத்தார். அடுத்த மாதம் ஒரு ஆடு பழுத்தது. நான் குழி வெட்டினேன்.

அந்த மழைக்காலத்தில் செல்லப்பன் விழுந்தான். வெள்ளறடையில் ஒரு விளையில், பாதித் தென்னையிலிருந்து. நடுமுதுகு நொறுங்கியது. கால் அசைந்தது, நிற்க முடியாது. எழுந்தால் எலும்பு சரிந்து காலும் போய்விடும் என்றார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் பலகையில் கிடத்தியிருந்தோம். சார் பார்க்க வந்தார். செல்லப்பனைக் கவிழ்த்துப் போடச் சொல்லி முதுகெலும்பு வழியே விரலை ஓட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டாக்டர் தெரிந்த ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரைப் பக்கம் உண்டு, டாக்டர்தான் கீறுவார், கட்டி நான் தருவேன், இடுப்பை வெட்ட வேண்டாம் என்றார். மனுஷனுக்கு முதன்முதலில் வைப்பது உனக்காக்கும் என்றார். செல்லப்பன் படுத்தபடியே கும்பிட்டான்.

சார் போனபிறகு ஓமனா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீதானே ஆடு நோக்குகது. அது நல்லதா?"

நல்லதுதான் என்றேன். கட்டி நல்லதுதான். அதற்குமேல் என்ன சொல்வேன்? ஊரெல்லாம் சுத்தக்காரர் என்று சொல்கிற மனுஷனைப் பற்றி, மீன் மணக்கிற கையோடு.

இரவெல்லாம் ஒரு கணக்குதான் எனக்கு. ஆட்டுக்கு ஆறு கட்டி மூன்றாகப் பிரியும். இரண்டு ஆடு தப்பும். செல்லப்பனுக்கு டப்பா முழுவதும் ஒரே முதுகில். தப்ப வழி இல்லை.

செல்லப்பனைக் கீறுகிற அன்று காலையில் சாரும் நானும் பஸ்ஸில் போனோம். டப்பா என் மடியில். சார் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலும் அதேபோல் கீறுகிற அறைக்கு ஒரு பக்கத்து அறை. எனக்கும் ஒரு தொப்பி தந்து, உள்ளே தொடாதே என்று சொல்லி நிறுத்தினார்கள். டாக்டரும் மற்றவர்களும் உள்ளே. செல்லப்பன் கவிழ்ந்து கிடந்தான். கதவின் கண்ணாடியில் அவன் உள்ளங்கால் தெரிந்தது. தென்னை ஏறிக் காய்த்த கால்.

டாக்டர் கட்டி கேட்கிறார் என்று நர்ஸ் வந்து சொன்னாள். சார் அவளை இன்னொரு ஜோடி கையுறை எடுத்துவர அனுப்பினார். அவள் போனதும் வாய்த்துணியை இறக்கினார்.

"தா பிள்ளே."

நான் டப்பாவைக் கொடுக்கவில்லை.

"உள்ள முதுகைப் பிளந்து வச்சிருக்கு. தா."

"சார் நாக்கு வைக்கண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு. ஆவி பட்டுத் துளை அடைஞ்சிருந்தா அவனுக்குத்தானே கேடு? நான் பாக்காம யாரு பாப்பா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை குமட்டியிருக்காது.

அவர் டப்பாவைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. மூடி கழன்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்தாள். இவர் இதில் நாக்கு வைக்கப் போகிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் சாரைப் பார்த்தாள். அதற்குள் வாய்த்துணி மேலே ஏறியிருந்தது. வெள்ளைச் சட்டை, கையுறை, நெற்றியில் சந்தனம். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆடு நோக்குகிற பெண், பயந்துவிட்டது, ஒன்றும் நினைக்காதே என்றார் சார். நர்ஸ் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

நான் ஒரு கட்டியை எடுத்து என் நாக்கில் வைத்தேன்.

ஒட்டியது. சொல்ல வேண்டும், நல்ல பிடுத்தம். பிய்த்து எடுக்கும்போது நாக்குத் தோலோடு வருகிற மாதிரி இருந்தது. வாயெல்லாம் சுண்ணாம்பு காய்ந்த ருசி. நர்ஸ் பின்வாங்கினாள். சார், ஒண்ணு போச்சு, மத்தது கொள்ளாம், எடுத்துட்டுப் போ என்றார் அவளிடம்.

அதனால் மற்றதையும் வைத்தேன். ஒவ்வொன்றாக. திருப்பியும் வைத்தேன்.

"காலத்தே சாளை மீனு தின்னேன் சார்" என்றேன்.

அதுதான் அவரைப் பிடித்துத் தள்ளியது. நர்ஸ் வேண்டாம் என்று கத்தியதோ, டாக்டர் உள்ளேயிருந்து சத்தம் போட்டதோ அல்ல. டப்பாவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். கையுறையைக் கழற்றித் தரையில் போட்டார். நேரே குழாய்க்குப் போய்க் கை கழுவினார். என்னைத் தொடவே இல்லை, ஆனாலும் முழங்கைவரை கழுவினார்.

டாக்டர் கதவைத் திறந்து, என்ன என்றார். நர்ஸ் என்னைக் காட்டிச் சொன்னாள். டாக்டர் என்னை ஒரு தடவை, சாரை ஒரு தடவை பார்த்தார். நான் அவரிடம், மூணில ஒண்ணு பழுக்கது இதாக்கும் டாக்டர், ஆவிக்குப் பொறவும் வைக்காரு என்றேன். அவர், இடுப்பிலிருந்து எடுப்போம் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வேலை அன்றோடு போனது. ஆடுகளை யார் நோக்கினார்கள் என்று தெரியவில்லை. டாக்டர் அதன்பிறகு கொட்டகைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். சாருக்கு எதனால் என்று கடைசிவரை விளங்கவில்லை. ஒரு மீன்காரி மருந்தை நக்கி ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்தாள் என்றுதான் சாயாக்கடையில் சொன்னாராம். நக்கி என்று எனக்குப் பெயர் விழுந்தது. என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

செல்லப்பனும் கோபம்தான். முதுகைவிட இடுப்பு வலிக்கிறது என்று அழுதான். எனக்கு வரவிருந்ததை மைனி கெடுத்தாள் என்று அண்ணனிடம் சொன்னான். ஓமனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

தையல் பிரித்த அன்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன். வராந்தாவில் நின்றேன். அதே நர்ஸ் கத்திரிக்கோலோடு உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கைக்கிண்ணத்தில் நூல் துண்டுகள், முதுகினது ஒரு ஓரம், இடுப்பினது ஒரு ஓரம். காய்ந்த நூல். மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. அவள் கிண்ணத்தை என்னிடம் பிடித்தாள். எண்ணினேன்.

முதுகில் பதிமூன்று. இடுப்பில் ஒன்பது.

இருபத்திரண்டு.